கேலன் போய் லிட்டர் வந்தபோது

1979 டிசம்பர் 13 அன்று இரவு கனடாவில் ஓர் அரசு கவிழ்ந்தது. ஜோ கிளார்க் பிரதமராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாள் முன்பு அவருடைய நிதி அமைச்சர் ஜான் கிராஸ்பி ஒரு பட்ஜெட் போட்டார். அதில் வாகன எரிபொருளுக்குக் கேலனுக்கு 18 சென்ட் கூடுதல் வரி இருந்தது. எதிர்க்கட்சிகள் கைகோத்தன, 139க்கு 133 என்ற கணக்கில் அரசு தோற்றது. அடுத்த பிப்ரவரித் தேர்தலில் முன்னாள் பிரதமர் பியர் ட்ரூடோ திரும்பி வந்தார்.

அந்த 18 சென்ட்டை லிட்டருக்கு வகுத்தால் 4 சென்ட்கூட முழுசாக வராது. நாட்டின் பெட்ரோல் நிலையங்கள் கேலனைக் கைவிட்டு லிட்டருக்கு மாறத் தொடங்கியிருந்த காலமும் அதுவேதான். ஆனாலும் அந்த வரி அரசியல் மேடையில் '18 சென்ட்' என்றே வலம்வந்தது, இன்றைக்கும் கனடா அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். '4 சென்ட் வரி' என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் கோபமே வராது.

பெட்ரோல் விற்பனையில் அளவை மாறுவது பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். எரிபொருளும் அதே, பணமும் அதே. வகுக்கும் எண் மட்டும் மாறுகிறது. ஆனால் விலையை மக்கள் கணக்குப் போட்டு அறிவதைவிட, பழக்கத்தில் அறிகிறார்கள். 'இவ்வளவு என்றால் மலிவு, இவ்வளவு என்றால் கொள்ளை' என்று மனதில் ஒரு கோடு கிடக்கிறது. அளவை மாறும்போது அந்தக் கோடு அழிந்துபோகிறது. புதிய கோடு விழுவதற்குள் என்ன விலை வைத்தாலும் தெரியாது என்ற பயம் வாங்குபவருக்கு இருக்கும். பயத்தில் நியாயமும் கொஞ்சம் உண்டு.

முதலில் கேலனைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதுவே ஒன்றல்ல, இரண்டு. பிரிட்டன் 1824இல் ஒரு சட்டம் போட்டு, பத்து பவுண்ட் தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதுவே கேலன் என்று வைத்துக்கொண்டது. இன்றைய கணக்கில் 4.546 லிட்டர். அமெரிக்கா அதற்கு முன்பே பிரிந்துபோன நாடு. அது 1707இல் ஆன் அரசி காலத்தில் நிலைப்படுத்திய பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. 231 கன அங்குலம், அதாவது 3.785 லிட்டர். எல்லையைத் தாண்டிப் போகும் கனடாக்காரருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் எப்போதுமே மலிவாகத் தெரிந்ததில், கேலனே சின்னதாகிப்போனதற்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியா, இலங்கை, மலேயா, வளைகுடா என்று பிரிட்டிஷ் நிழல் விழுந்த இடங்களில் புழங்கியது பெரிய கேலன்.

இனி பம்புக்குள் போவோம். இந்த விஷயத்தில் பலரும் தவறவிடுவது அதைத்தான்.

இன்று பங்க்கில் 'ஜீரோ பார்த்துக்குங்க சார்' என்று பையன் சொன்னதும் நாம் பார்ப்பது மின்னணு எண்கள். 1930களிலிருந்து 1970கள் வரை அங்கே இருந்தது முழுக்க முழுக்கப் பற்சக்கரம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வீடர்ரூட் நிறுவனம் செய்த இயந்திரக் கணிப்பான் அது. மின்சாரத்துக்கு அந்தக் கணக்கில் வேலையே இல்லை. குழாய் வழியே ஓடும் பெட்ரோல் ஒரு மீட்டரைச் சுழற்றும். மீட்டரின் தண்டு அளவு காட்டும் சக்கரங்களைத் திருப்பும். அதே தண்டு, படிப்படியாக அடுக்கிய பற்சக்கரக் கூம்பு ஒன்றின் வழியாகப் பணம் காட்டும் சக்கரங்களையும் திருப்பும். விலை மாறினால் உரிமையாளர் முகப்பைத் திறந்து, கூம்பின் எந்தப் படியில் எந்தச் சக்கரம் கடிக்க வேண்டும் என்று நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான். பெருக்கல் கணக்கை இரும்பே போட்டுவிடும். யோசித்துப் பார்த்தால் அழகான சாதனம்.

அதில் விலைக்கு மூன்று இடங்கள். பத்து சென்ட், ஒரு சென்ட், பத்தில் ஒரு சென்ட். ஆக, கேலனுக்கு வைக்கக்கூடிய உச்ச விலை 99.9 சென்ட். ஒரு கேலன் முப்பது சென்ட்டுக்கு விற்ற நாளில் யாருக்குக் கவலை?

1979இல் ஈரானில் புரட்சி வந்து கச்சா எண்ணெய் விலை ஏறியது. அமெரிக்காவில் பெட்ரோல் கேலன் ஒரு டாலரைத் தாண்டப் போனது. ஒரு டாலர் என்ற விலையை வைக்கப் பம்பில் பல்லே இல்லை. நாடு முழுவதும் நிலைய உரிமையாளர்கள் ஒரே சிக்கலில் மாட்டினார்கள். புதிய கணிப்பான் கேட்டால் காத்திருக்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இரண்டு குறுக்குவழிகள் பிறந்தன. ஒன்று, பம்பில் பாதி விலையை வைப்பது. மீட்டர் ஐந்து டாலர் காட்டினால் வாடிக்கையாளர் பத்து டாலர் தர வேண்டும், 'காட்டுவதை இரண்டால் பெருக்கவும்' என்று பம்பின் மேல் சீட்டு ஒட்டியிருக்கும். எடை அளவு அதிகாரிகள் தற்காலிகமாக இதற்குச் சம்மதித்தார்கள். இரண்டாவது வழி லிட்டர். மீட்டருக்கும் கணிப்பானுக்கும் நடுவிலுள்ள பல்லை மாற்றினால் போதும். ஒரு டாலர் கேலன் 26.4 சென்ட் லிட்டராகி, பழைய கணிப்பானுக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்கள் சில லிட்டருக்குப் போன கதை இதுதான். 1975இல் அங்கே மெட்ரிக் மாற்றச் சட்டம் வந்திருந்தது, அதற்கென்று ஒரு வாரியமும் இருந்தது. ஆனால் சட்டம் 'விரும்புபவர்கள் மாறலாம்' என்ற வகை. கட்டாயம் எதுவும் இல்லை. பங்க்காரர்களை மாற வைத்தது அந்தச் சட்டம் அல்ல, பற்சக்கரத்தின் போதாமை. அதனால்தான் அது நிலைக்கவும் இல்லை. தெருவின் ஒரு முனையில் 1.13 டாலர் என்ற பலகை, மறுமுனையில் 29.9 சென்ட் என்ற பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விலை. ஆனால் காரை ஓட்டிக்கொண்டே 29.9ஐ 3.785ஆல் பெருக்கிப் பார்ப்பவர் யார்? பார்க்கிறவருக்கு இரண்டாவது பலகையில் ஏதோ தந்திரம் இருப்பதாகத்தான் படும். ஒரு டாலருக்கு மேல் காட்டும் கணிப்பான்களும் மின்னணு பம்புகளும் வந்து சேர்ந்ததும், லிட்டருக்குப் போனவர்கள் கேலனுக்குத் திரும்பினார்கள். 1982இல் ரீகன் அரசு அந்த மெட்ரிக் வாரியத்தையே மூடியது. அமெரிக்கக் கொடியின் கீழ் இன்று லிட்டரில் பெட்ரோல் விற்கும் இடம் என்றால் போர்ட்டோ ரிக்கோதான். அங்கே சாலைத் தூரம் கிலோமீட்டரில், வேக வரம்பு மைலில். ஓட்டுபவர் பாடு!

பல் போதாத கதை அத்துடன் முடியவில்லை. 2008இல் அமெரிக்காவில் கேலன் நான்கு டாலரை நெருங்கியபோது, கிராமப்புறங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திர பம்புகள் 3.99இல் முட்டி நின்றன. திரும்பவும் பாதி விலைச் சீட்டு ஒட்டினார்கள். இந்தத் தடவை லிட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

கனடா கதை வேறு மாதிரி. அங்கே மாற்றம் அரசின் திட்டம். 1970இல் வெள்ளை அறிக்கை, 1971இல் மெட்ரிக் ஆணையம், 1975 ஏப்ரல் 1 முதல் வானிலை செல்சியஸில், 1977இல் சாலைப் பலகைகள் கிலோமீட்டரில். இவை எல்லாவற்றுக்கும் முணுமுணுப்பு இருந்தது, சண்டை இல்லை. வெப்பநிலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லையே. பெட்ரோலுக்கு வந்தபோதுதான் பிடித்துக்கொண்டது.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். மாற்றம் நடந்த ஆண்டுகளிலேயே எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. நேற்று வரை பலகையில் கேலன் கணக்கில் பெரிய எண், இன்று லிட்டர் கணக்கில் சின்ன எண், அந்தச் சின்ன எண் அடுத்த மாதம் இரண்டு சென்ட் கூடுகிறது. இரண்டு சென்ட்தானே என்று விட்டால், பழைய கணக்கில் அது ஒன்பது சென்ட். 'லிட்டர் என்ற போர்வைக்குள் விலையை ஏற்றுகிறார்கள்' என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை. விலையை ஏற்றியது சந்தையும் வரியும். ஆனால் கூட்டிய தொகை கண்ணுக்கு உறுத்தாமல் போக லிட்டர் உதவியது என்பதை மறுக்க முடியாது.

1980களின் தொடக்கத்தில் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் கார்ல்டன் பிளேஸ் என்ற ஊரில் கேலனிலும் பெட்ரோல் விற்கும் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். 'அளக்கும் சுதந்திரம்' என்று அதற்குப் பெயர். சட்டம் இயற்றும் சபையின் உறுப்பினர்களே சட்டத்தை மீறி பங்க் நடத்திய வேடிக்கை வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. டொராண்டோ பக்கத்தில் இரண்டு நிலைய உரிமையாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1982இல் புதிதாக வந்திருந்த உரிமைச் சாசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கேலனில் விலை சொல்வது எங்கள் கருத்துச் சுதந்திரம் என்று வாதாடினார்கள். கீழ் நீதிமன்றத்தில் அது எடுபட்டது, மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. 1984இல் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வந்து, அடுத்த ஆண்டே மெட்ரிக் ஆணையத்தைக் கலைத்தது. அத்தனை கூச்சலிட்டவர்கள் பம்புகளைத் திருப்பி மாற்றினார்களா என்றால், இல்லை. அதற்குள் நாடு முழுவதும் பற்சக்கரம் மாறிவிட்டது. இரும்பை இரண்டாம் தடவை கழற்ற யாருக்கும் மனமில்லை. இறைச்சியும் காய்கறியும் தப்பித்துக்கொண்டன. இன்றும் கனடாக் கடைகளில் பவுண்ட் விலை கொட்டை எழுத்தில் இருக்கும், கிலோ விலை கீழே பொடியாக. ஸ்கார்பரோவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதில் சிரமம் இல்லை, இறாத்தல் அவருக்குப் புதிதா என்ன?

அதே கனடாவில், அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பங்க் விவகாரம் அல்ல, விமான விவகாரம். ஆனால் பழகிய எண் ஒன்று ஆளை எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143ஆம் விமானம், புத்தம்புது போயிங் 767. அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட்ட முதல் வகை விமானம் அது. எரிபொருள் காட்டும் கருவி பழுது, அதனால் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். பழைய விமானங்களுக்கெல்லாம் சீட்டில் எழுதிய எண் அதுதான். ஆனால் அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்ட் என்பது. கிலோவுக்கு 0.8 என்று போட்டிருக்க வேண்டும். விளைவு, இருபதாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஐந்தாயிரத்துக்கும் குறைவாக ஊற்றினார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானி ராபர்ட் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. மனிடோபாவில் கிம்லி என்ற ஊரில், கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த ஒரு பழைய விமான தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

நம்மவர்களில் பலர் நேரில் பார்த்த மாற்றம் துபாயிலும் அபுதாபியிலும் நடந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009 முடியும் வரை பெட்ரோல் கேலனில்தான், அதுவும் பிரிட்டிஷ் கேலனில். 2010 ஜனவரி 1 முதல் லிட்டர். அங்கே டாக்ஸியோ வேனோ ஓட்டியவர்களைக் கேட்டால் ஸ்பெஷல் என்ற 95 ஆக்டேன் பெட்ரோல் கேலன் ஆறே கால் திர்ஹம் என்பது நினைவிருக்கும். அது லிட்டருக்கு 1.37 திர்ஹம் ஆனது. வகுத்தால் வருவது 1.3748, கீழ்நோக்கிக் குறைத்தார்கள், வாங்குபவருக்கு லாபமாகவே. இயந்திர பம்பு காலம் போய்விட்டதால் பல்லைக் கழற்றும் வேலையும் இல்லை. இவ்வளவு சுமுகமாக வேறெங்கும் நடந்திருக்காது.

ஆனால் அந்த ஏப்ரலிலேயே விலை ஏறியது. ஜூலையில் மறுபடி ஏறி 1.72 ஆனது. லிட்டரில் 35 ஃபில்ஸ் வித்தியாசம், கேட்க ஒன்றும் பெரிதில்லை. கேலனில் சொன்னால் 6.25 இருந்தது 7.82 ஆகிவிட்டது. ஏழே முக்காலுக்கு மேல்! கேலன் பலகை இருந்திருந்தால் அந்த எண் முகத்தில் அறைந்திருக்கும். திட்டமிட்டே முதலில் அளவையை மாற்றி அப்புறம் விலையை ஏற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. கனடாவில் முப்பது ஆண்டு முன்பு எழுந்த அதே சந்தேகத்துக்கு இங்கேயும் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1995 அக்டோபரிலிருந்து பெட்ரோல் விற்பனைக்கு லிட்டர் கட்டாயம். அங்கே சாலை இன்னும் மைலில் இருக்கிறது, காரின் திறனைக் கேலனுக்கு இத்தனை மைல் என்றுதான் பேசுகிறார்கள். பெட்ரோலை லிட்டரில் வாங்கி, செலவைக் கேலனில் நினைத்து, தூரத்தை மைலில் ஓட்டுகிறார்கள். கொலம்பியா, ஈக்வடார், குவாத்தமாலா போன்ற நாடுகள் மற்றதிலெல்லாம் மெட்ரிக், பெட்ரோலில் மட்டும் அமெரிக்கக் கேலன்.

சிரிக்க வேண்டாம், நாமும் அப்படித்தான். கிலோமீட்டரில் ஓட்டி லிட்டரில் போட்டு 'மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?' என்று கேட்கிறோம். இந்தியாவில் எடை அளவுச் சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. பெட்ரோல் கேலனிலிருந்து லிட்டருக்கு மாறியதற்காக இங்கே யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. வண்டி வைத்திருந்தவர்களே சொற்பம். வீட்டைத் தொட்டது படியும் ஆழாக்கும் வீசையும் போனதுதான். பூக்காரம்மா இன்னும் முழத்தை விடவில்லை.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் பெட்ரோலை அளவில் கேட்பதே இல்லை. 'இருநூறு ரூபாய்க்குப் போடுங்க' என்போம், இல்லாவிட்டால் 'டேங்கை ஃபுல் பண்ணுங்க' என்போம். முதலாவதில் அளவை ரூபாய், இரண்டாவதில் அளவை நம் வண்டியின் டேங்க். லிட்டர் என்பது பலகையிலும் பில்லிலும் இருக்கும் ஒரு விஷயம். பைக்கில் போகிறவருக்கு லிட்டர் இரண்டு ரூபாய் ஏறினால் தெரிவது, இருநூறு ரூபாய்க்குப் போட்டது வியாழன் வரை வராமல் புதனே தீர்ந்துபோவதுதான்.

அந்த லிட்டர் எவ்வளவு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் சூட்டில் விரியும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 டிகிரியில் ஒரு லிட்டராக இருந்தது 35 டிகிரியில் லிட்டருக்கு மேல் இருபது மில்லி கூடுதலாகத் தெரியும், எடையோ எரிசக்தியோ கூடாது. கனடாவில் பம்புகளே இதைச் சரிக்கட்டி 15 டிகிரிக்குத் திருத்திய லிட்டரைக் காட்டுகின்றன. குளிர் நாட்டில் அந்தத் திருத்தம் பெரும்பாலும் விற்பவருக்குச் சாதகம். குளிரில் சுருங்கிய பெட்ரோலைக் கொஞ்சம் குறைவாக ஊற்றினாலே 'ஒரு லிட்டர்' ஆகிவிடும். அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் எந்தச் சூட்டிலும் 231 கன அங்குலம் என்று இருக்க, ஹவாய் மட்டும் தன் வெப்பத்துக்கு ஈடாகக் கேலனையே 234 கன அங்குலமாக வைத்துக்கொண்டது.

இந்தியப் பங்க்கில் அப்படித் திருத்தம் கிடையாது, குழாயில் வருவதே லிட்டர். இதைச் சாக்கிட்டுத்தான் 'விடியற்காலையில் பெட்ரோல் போடுங்கள், குளிர்ந்திருக்கும், அதிகம் கிடைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு செய்தி சுற்றுகிறது. பங்க்கின் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே வெயில் எப்படிக் காய்ந்தாலும் காலைக்கும் மதியத்துக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் வராது. அளவில் சந்தேகம் என்றால் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பங்க்கிலும் எடை அளவுத் துறை முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவுக் கேன் ஒன்று இருக்க வேண்டும். எடுத்து வரச் சொல்லி அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கழுத்திலுள்ள கோட்டுக்கு மேலோ கீழோ 25 மில்லிக்குள் நின்றால் சட்டப்படி சரி. கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் காட்டியாக வேண்டும்.